பதினேழு பல்லும் எண்பத்து மூன்று பல்லும்

எங்கள் வீட்டு கிரைண்டரின் பெல்ட் அறுந்துபோய், புதிது மாட்டுவதற்காக அதைச் சாய்த்துப் போட்டிருந்தேன். பழைய டில்டிங் கிரைண்டர். மோட்டாரின் தலையில் கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் புல்லி. டிரம்முக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பெரிய புல்லி. மோட்டாரின் தகட்டில் சுற்று வேகம் 1,440 என்று பொறித்திருந்தது. டிரம் அந்த வேகத்தில் சுற்றினால் மாவு முழுக்கச் சுவரில்தான் இருக்கும். சின்னதிலிருந்து பெரியதுக்கு பெல்ட் போவதால் வேகம் பல மடங்கு குறைகிறது. குறைந்த வேகம் வீணாவதில்லை, அரிசியோடு கல்லையும் தள்ளிக்கொண்டு சுற்றும் பலமாக மாறுகிறது.

"மிக்ஸியில அரைச்சா மாவு சூடாயிருது கண்ணு, இட்லி கல்லாட்டம் வருது. வெரசா மாட்டிக் குடு" என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னார். அதைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்து அறையில் மேஜை முழுக்கப் படுத்திருந்த ஒரு விமானத்துக்கு எந்த மோட்டார் போடுவது என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது அந்தக் கேள்விக்கும் பொருந்தியது.

அந்த விமானம் பைப்பர் ஜே-3 கப். 1930களின் கடைசியில் அமெரிக்காவில் வந்த, மஞ்சள் நிறத்துக்குப் பேர்போன இரண்டு பேர் விமானம். நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 35 அடி 3 அங்குலம். நான் செய்துகொண்டிருந்தது நாலில் ஒரு பங்கு அளவு. அதாவது இறக்கை 2.69 மீட்டர், எடை பேட்டரியோடு 7 கிலோ. ரேடியோவில் ஓட்டும் மாடல் விமானங்களில் இது பெரிய ரகம். பெட்ரோல் எஞ்சின் போடுபவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சத்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் வேண்டாம். மின்சாரம்தான் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன்.

முதலில் ப்ராப், அதாவது விமானத்தின் மூக்கில் சுற்றும் விசிறி, அதன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்றை எப்படிப் பிடித்துத் தள்ளினாலும் விமானம் முன்னால் போகும். ஆனால் கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளுவதற்கு நிறைய சக்தி ஆகும். நிறைய காற்றை மெதுவாகத் தள்ளினால் அதே இழுவையை மிகக் குறைந்த சக்தியில் பெறலாம். ப்ராப்பின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், அதே சக்தியில், நின்ற இடத்தில் கிடைக்கும் இழுவை கொள்கை அளவில் ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சின்ன பிளேடு வேகமாகச் சுற்றினால் மாவு சூடாகிறது. சின்ன ப்ராப் வேகமாகச் சுற்றினால் காற்று கலங்குகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக, வீட்டுக்குப் பின்னால் சக்கரம் வைத்த ஒரு பலகையில் மோட்டாரைக் கட்டி, மீன் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற ஸ்பிரிங் தராசில் மாட்டி அளந்தேன். மோட்டாரில் நேரடியாக மாட்டிய 13 அங்குல ப்ராப் நிமிடத்துக்கு 10,500 சுற்றில் நாலு கிலோ இழுத்தது. ஏறக்குறைய அதே சக்தியில், பிறகு கியர் வழியாக மாட்டிய 20 அங்குல ப்ராப் 5,500 சுற்றில் ஆறு கிலோ இழுத்தது. விமானத்தின் எடையே ஏழு கிலோ என்றால் இந்த இரண்டு கிலோ எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ப்ராப்பின் பிட்ச் என்பது ஒரு திருகாணி மரத்துக்குள் போவது போல, ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம். பிட்ச் 8 அங்குலமும் 10,500 சுற்றும் என்றால் மணிக்கு 128 கிலோமீட்டர். பிட்ச் 10 அங்குலமும் 5,500 சுற்றும் என்றால் 84 கிலோமீட்டர். என்னுடைய கப் 32 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால்தான் விழும். 50 கிலோமீட்டரில் சுகமாகப் பறக்கும். 128-க்காக அடிக்கும் காற்று அதற்கு எதற்கு? பெரிய, மெதுவான விமானத்துக்குப் பெரிய, மெதுவான ப்ராப்தான் பொருத்தம்.

சரி, பெரிய ப்ராப்பை மாட்டிவிட்டால் ஆயிற்றா? மாட்டினால் மோட்டார் புகைந்துவிடும்.

எனக்கு இதைப் புரியவைத்தவர், பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் ஒரு பெரியவர். கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு இப்படி ஒரு கடை உண்டு. மோட்டாரும் பம்பும் இந்த ஊரின் தொழில். வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்டுவதற்கு, மோட்டாருக்குள் செம்புக் கம்பியைக் கூடுதல் சுற்று சுற்றிக் கொடுக்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் என் கையிலிருந்த குட்டி மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்து கூட்டலாமுங்க தம்பி. ஆனா ஸ்லாட்டு அதேதானுங்களே. சுத்து ரெண்டு மடங்குன்னா ஒயரு பாதியா மெலிஞ்சுரும். அப்புறம் என்ன லாபம்?"

அந்த ஒரு வாக்கியத்தில் மோட்டார் பாடம் முழுக்க இருக்கிறது. மோட்டாரின் வேகத்தை வோல்டேஜ் முடிவு செய்கிறது, முறுக்கு விசையை ஆம்பியர் முடிவு செய்கிறது. சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும். கம்பிச் சுற்றை இரண்டு மடங்காக்கினால் அதே முறுக்கு விசைக்குப் பாதி ஆம்பியர் போதும். ஆனால் கம்பி இரண்டு மடங்கு நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு பாதி. ஆகவே மின்தடை நாலு மடங்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சூடு அதேதான். ஒரு குறிப்பிட்ட அளவு இரும்பும் செம்பும் இவ்வளவு முறுக்கு விசையைத்தான் தாங்கும், எப்படிக் கட்டினாலும்.

ஆனால் அதே மோட்டாருக்கு வேகம் ஒரு சுமையே இல்லை. சக்தி என்பது முறுக்கு விசையும் வேகமும் சேர்ந்த பெருக்கல். என் 20 அங்குல ப்ராப்புக்கு 5,500 சுற்றில் 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும். 300 கிராம் எடையுள்ள இன்ரன்னர் மோட்டார் (காந்தம் உள்ளே அச்சோடு சுற்றும் ரகம்) ஒன்று அதை நேரடியாகக் கொடுக்கப் பார்த்தால் சில வினாடிகளில் எரிந்துபோகும். நடுவில் ஐந்துக்கு ஒன்று கியர் வைத்தால் மோட்டார் 0.4 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் போதும், 27,500 சுற்றில். முறுக்கு விசை ஐந்தில் ஒரு பங்கானால் செம்பில் உண்டாகும் சூடு 25-ல் ஒரு பங்கு. கியரின் மொத்த மகிமையும் இந்த வர்க்கத்தில் இருக்கிறது. வேகம் கூடக்கூட இரும்புத் தகடுகளுக்குள் சுழல் மின்னோட்டம் கூடி அதுவும் சூடு பண்ணும் என்பது உண்மை. அதனால்தான் நல்ல இன்ரன்னர்களில் தகடுகளை மிக மெல்லியதாக அடுக்குகிறார்கள்.

இது பறத்தலின் முதல் நாளிலிருந்தே தெரிந்த சங்கதி என்று பிறகுதான் கவனித்தேன். 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் 12 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று. அது நிமிடத்துக்கு ஆயிரம் சொச்சம் சுற்று சுற்றியது. அதிலிருந்து சைக்கிள் செயின் போன்ற செயின்கள், 8 பல் சக்கரத்திலிருந்து 23 பல் சக்கரத்துக்கு. எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு ப்ராப்புகள் 350 சுற்றில் சாவகாசமாகச் சுழன்றன. ஒரு பக்கத்துச் செயினை எட்டு போலக் குறுக்காக மாட்டி, இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும்படி செய்திருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்! இன்றைய சிறு விமானங்களில் பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினும் 5,800 சுற்று வரை போகும். ப்ராப்புக்கு அது 2.27-க்கு ஒன்று அல்லது 2.43-க்கு ஒன்று கியர் வழியாகத்தான் வந்து சேருகிறது.

என்னை உலுக்கிய கதை வேறு. 1980-ல் அமெரிக்காவில் பால் மெக்ரெடி குழுவினர் காசமர் பெங்குவின் என்ற சூரிய ஒளி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். இறக்கை 71 அடி, ஆள் இல்லாத எடை 31 கிலோ. 3,920 சூரிய செல்களிலிருந்து கிடைத்தது 541 வாட். எங்கள் வீட்டு மிக்ஸிக்கு இணையான சக்தி. அதில் இருந்த மோட்டார் ஆஸ்ட்ரோ-40. கலிபோர்னியாவில் ஆஸ்ட்ரோ ஃப்ளைட் நிறுவனம் மாடல் விமானங்களுக்காகச் செய்த மோட்டார் அது. 40 என்பது 0.40 கன அங்குல மாடல் எஞ்சினுக்கு இணை என்று காட்டுவதற்காக வைத்த எண். கையடக்கமான அந்த மோட்டாரின் வேகத்தை வெகுவாகக் குறைத்து, ஆள் உயரத்தை விடப் பெரிய ப்ராப்பைச் சுற்ற வைத்தார்கள். மே 18 அன்று மெக்ரெடியின் 13 வயது மகன் மார்ஷல் அதில் பறந்தான். ஆகஸ்ட் 7 அன்று ஜேனிஸ் பிரவுன் என்ற விமானி 14 நிமிடம் 21 வினாடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் பறந்து காட்டினார். மனிதர் ஒருவரை மாடல் மோட்டார் தூக்கியிருக்கிறது. அந்த மோட்டாரை நேரடியாக ஒரு ப்ராப்பில் மாட்டியிருந்தால் அந்த விமானம் நகர்ந்துகூட இருக்காது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கப்புக்கு கியர்தான் என்று முடிவானது அந்த இரவில்தான்.

எங்கள் ஊர் கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் கியர் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய ஹாபிங் மிஷின் அவர் அப்பா காலத்தது. மில்களுக்கான உதிரிபாகங்கள்தான் அவருக்குச் சோறு போடும் வேலை. நான் ஒரு தாளில் 12 பல், 60 பல் என்று எழுதிக்கொண்டு போனேன். ஐந்துக்கு ஒன்று, சுத்தமான கணக்கு.

அவர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பன்னெண்டு வேண்டாந் தம்பி. பதினேழுக்குக் கீழ போனா பல்லோட அடிய கட்டரே அரிச்சிரும். பல்லு அங்கதான் ஒடியும்."

"அப்ப பதினேழும் எண்பத்தஞ்சும் போட்டுரலாங்களாண்ணா?"

"அதும் வேண்டாம். வகுபடற மாதிரி வெச்சா எப்பவும் அதே பல்லு அதே பல்லத்தான் கடிக்கும். ஒண்ணுல பிசிறு இருந்தா அதுக்கு எதுத்தாப்புல இருக்கறது மட்டும் தேயும். எண்பத்து மூணு வை."

17-ம் 83-ம். இரண்டும் பகா எண்கள். ஒரு பல் தன் ஜோடியை மறுபடி சந்திக்கப் பெரிய சக்கரம் 17 தடவை முழுதாகச் சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பல்லையும் தொட்டுவிடும். தேய்மானம் எல்லாருக்கும் சமமாகப் பகிரப்படும். பல்லின் அளவு 0.8 மாட்யூல் என்றால் இரண்டு ஷாஃப்ட்டுகளுக்கும் நடுவே உள்ள தூரம் சரியாக 40 மில்லிமீட்டர். வரைபடத்தில் அந்த 40.0 வந்து உட்கார்ந்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

சின்னச் சக்கரம் எஃகு. பெரியதை ஃபைபரில் செய்யச் சொன்னது அண்ணன்தான். துணியைப் பிசினில் ஊறவைத்து அடுக்கி அழுத்திச் செய்த பலகை அது. மில்களில் சத்தம் குறைவதற்காக அந்தக் காலத்திலிருந்தே ஃபைபர் கியர் போடுவார்கள். எடையும் குறைவு. 27,000 சுற்றில் பல்லின் மேல் வேகம் வினாடிக்கு 19 மீட்டர். எஃகும் எஃகும் அந்த வேகத்தில் உரசினால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்றார்.

கியர் இரண்டையும் எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதற்கு அவர் சொல்லிக்கொடுத்த வழி ஒரு துண்டுக் காகிதம். இரண்டு பல் வரிசைக்கும் நடுவே காகிதத்தைக் கொடுத்து இறுக்கமாக நெருக்கி, போல்ட்டை முடுக்கிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுக்க வேண்டும். காகிதம் மடிப்பு மடிப்பாக வர வேண்டும், கிழியக் கூடாது. கிழிந்தால் ரொம்ப நெருக்கம். மடிப்பே விழவில்லை என்றால் ரொம்பத் தள்ளி. காகிதத்தின் தடிமன்தான் பல்லுக்குப் பல் விடவேண்டிய ப்ளே. நாலு திசையிலும் சுற்றிப் பார்த்து நாலு காகிதம் எடுத்தேன். நாலையும் இன்னும் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்படி இரண்டு சக்கரம் கடித்துச் சுற்றினால் ப்ராப் மோட்டாருக்கு எதிர்த் திசையில் போகும். பழைய பிரஷ் மோட்டார்களில் இது தொந்தரவு, பிரஷ்ஷின் டைமிங்கையே மாற்ற வேண்டியிருந்தது. இப்போதைய பிரஷ் இல்லாத மோட்டாரில் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி-யில் மட்டும் ஒரு காரியம் மறக்காமல் செய்ய வேண்டும். மெதுவாகத் தொடங்கும்படி வைத்து, பிரேக்கை அணைத்துவிட வேண்டும். 20 அங்குல ப்ராப் சுற்றிக்கொண்டிருக்கும்போது மோட்டாரைச் சடக்கென்று நிறுத்தினால் அந்த வேகம் முழுக்கப் பல்லின் மேல்தான் வந்து விழும்.

எட்டு செல் லைபோ பேட்டரி. முழு த்ராட்டிலில் ஐம்பது ஆம்பியர். முதல் நாள், நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய மைதானத்தில், காலை ஏழு மணிக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்குவதற்கு முன் பறக்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு சீக்கிரம். பாதி த்ராட்டில்கூடக் கொடுக்கவில்லை, வால் தூக்கியது, பத்து மீட்டரில் தரையை விட்டது. ப்ராப்பின் சத்தம் பெரிய மின்விசிறியின் சத்தம் போல இருந்தது. அதற்குள்ளே மெல்லிசாக கியரின் ரீங்காரம். மெதுவாகத் தலைக்கு மேல் அது போகும்போது நிஜ விமானம் தூரத்தில் போவது போலவே இருந்தது. சின்ன ப்ராப் வைத்த பெரிய விமானங்கள் கொசு மாதிரி கத்திக்கொண்டு போவதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். உருவம் கப், குரல் வேறு எதுவோ. இதில் உருவமும் குரலும் ஒன்றாக இருந்தன. 12 நிமிடம் பறந்து இறங்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். டீ கிளாஸ் அளவுக்குச் சூடு, அவ்வளவுதான்.

பதினோராவது தடவை பறந்தபோது கெட்டது நடந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த விமானத்திலிருந்து திடீரென்று ஒரு ஊளைச் சத்தம். ப்ராப் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, மோட்டார் மட்டும் சுமையே இல்லாமல் 30,000 சுற்றைத் தொட்டுக் கத்தியது. த்ராட்டிலை மூடினேன். கப் நன்றாக மிதக்கும் விமானம். ஆனால் மைதானத்தின் கடைசி வேலிக்கு அந்தப் பக்கம் சோளம் அறுத்த காட்டில்தான் இறக்க முடிந்தது. கட்டைகளில் மோதி சக்கரக் கால் வளைந்தது, ப்ராப்பின் ஒரு நுனி போனது.

பல் உடைந்திருக்கும் என்று நினைத்துத்தான் கழற்றினேன். பல் எல்லாம் அப்படியே இருந்தன. 17 பல் சக்கரம் மோட்டார் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கியிருந்தது. ஷாஃப்ட் உருண்டையாகவே இருந்தது. அதன் மேல் கிரப் ஸ்க்ரூவை, அதாவது தலையில்லாத சின்னத் திருகை, மட்டும் முடுக்கி விட்டிருந்தேன். ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்த்து, ஸ்க்ரூ அந்தத் தட்டையில் உட்காரும்படி செய்திருக்க வேண்டும். அண்ணன் முதலிலேயே சொல்லியிருந்தார். அவசரத்தில் நான் விட்டது. இப்போது தட்டை தேய்த்து, மேலே ஷாஃப்ட்டுக்கான பசையும் போட்டு, ஒரு இரவு முழுக்கக் காயவிட்டுத்தான் மாட்டுகிறேன். பெரிய ப்ராப் வைத்து கியர் செய்யும் யாரும் இந்த இடத்தை மட்டும் சோம்பலோடு கடந்துவிடாதீர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் 300 கிராம். தாங்கு தகடுகள், பேரிங்குகள், ஷாஃப்ட், ஃபைபர் சக்கரம் எல்லாம் சேர்ந்த என் கியர் பெட்டி 250 கிராம். அதே ப்ராப்பை நேரடியாகச் சுற்றும் அவுட்ரன்னர் மோட்டார் 600 கிராம். மிச்சம் பிடித்தது 50 கிராம். கப்பின் மூக்கு குட்டை என்பதால் எடைச் சமநிலைக்காக மூக்கில் 350 கிராம் ஈயம் வைக்க வேண்டியும் வந்தது. எடைக்காக மட்டும் என்றால் இந்த விமானத்தில் கியர் போட்டிருக்க வேண்டியதில்லை.

அவுட்ரன்னரில் காந்தங்கள் வெளி ஓட்டில் இருக்கும், ஓடுதான் சுற்றும். தள்ளும் இடம் மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் முறுக்கு விசை அதிகம், வேகம் குறைவு. கியர் செய்யும் வேலையை அது தன் அகலத்தால் செய்கிறது. உடுமலைப் பக்கம் போனால் இந்த இரண்டு கட்சியையும் வானத்தில் பார்க்கலாம். காற்றாலைகளில் ஒரு ரகம் நீளமான பெட்டி போன்ற தலை கொண்டது. உள்ளே கியர் பெட்டி இருக்கிறது. மெதுவாகச் சுற்றும் இறக்கையின் வேகத்தைக் கூட்டி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது, என் கப் செய்வதைத் தலைகீழாக. இன்னொரு ரகம் முட்டை போல உப்பிய தலை. அதில் கியர் இல்லை, ஜெனரேட்டரே பல மீட்டர் அகலம். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எந்தத் தலை எந்த ரகம் என்று எண்ணிக்கொண்டே போவேன்.

ஆகவே யாராவது பெரிய விமானம் செய்கிறேன், என்ன மோட்டார் போட என்று கேட்டால், மூக்கில் இடம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். இருந்தால் அவுட்ரன்னர் போடுங்கள். தேய்வதற்கு ஒன்றும் இல்லை, கிரீஸ் போட வேண்டியதில்லை. உலகப் போட்டிகளில் எஃப்3ஏ என்ற சாகசப் பிரிவின் வரலாறும் இதையே சொல்கிறது. அந்த விமானங்கள் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 5 கிலோ எடைக்குள் இருக்க வேண்டும், பேட்டரி 42.56 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 2000களின் நடுவில் மின்சார விமானங்கள் அதில் கால் வைத்தபோது ஜெர்மனியின் ஹேக்கர் நிறுவனத்தின் சி50 மோட்டாரும் அதோடு ஒட்டி வந்த 6.7-க்கு ஒன்று கியரும் பிரபலம். ப்ராப் 6,000 சுற்றினால் உள்ளே மோட்டார் 40,000. பிறகு அவுட்ரன்னர்கள் நல்ல செம்பும் நல்ல காந்தமுமாக வந்து அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. ஆனால் கியர் அங்கேயே வேறு வழியாகத் திரும்பி வந்தது. ஒரே அச்சில் இரண்டு ப்ராப்புகளை எதிரெதிராகச் சுற்றும் அமைப்பை கியர் வைத்துச் செய்கிறார்கள். விமானத்தை ஒரு பக்கம் முறுக்கும் விசை அதில் காணாமல் போகிறது. செங்குத்தாக ஏறும்போது விமானம் நூல் பிடித்தது போலப் போகும்.

கியர் தன் முழு பலத்தைக் காட்டும் இடத்தை என் அடுத்த விமானத்தில்தான் பார்த்தேன். நாலு மீட்டர் இறக்கை கொண்ட மின்சார கிளைடர் அது, நாலு கிலோ. மூக்கின் உள்விட்டம் 38 மில்லிமீட்டர். 17 அங்குல ப்ராப்பைச் சுற்றும் அவுட்ரன்னர் எதுவும் அதற்குள் நுழையாது. அங்கே பிளானட்டரி கியர் வைத்தேன். நடுவில் 12 பல் சூரியச் சக்கரம், அதைச் சுற்றி 18 பல்லில் மூன்று கோள்கள், வெளியே உட்பல் வெட்டிய 48 பல் வளையம். வளையம் அசையாது, கோள்களைத் தாங்கும் தட்டுதான் சுற்றும். 48-ஐ 12-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் ஐந்து. மோட்டாரும் ப்ராப்பும் ஒரே நேர்கோட்டில், ஒரே திசையில். சுமையை மூன்று கோள்களும் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொரு பல்லுக்கும் பங்கு குறைவு. மொத்தமும் ஒரு டார்ச் லைட்டின் பருமன், 300 கிராம்.

இதை நான் கடையில்தான் வாங்கினேன். 12 பல்லில் அடி அரிக்காமல் இருக்கப் பல்லின் வடிவத்தையே கொஞ்சம் தள்ளி வெட்டுகிறார்கள். உட்பல் வெட்ட அண்ணனிடம் மிஷின் இல்லை. காட்டியபோது அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

கிளைடரைக் கையிலிருந்து எறிந்து த்ராட்டிலைக் கொடுத்தால் இருபது வினாடியில் 150 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அப்புறம் மோட்டாரை நிறுத்தினால் ப்ராப் மடிந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். சத்தம் எதுவும் இல்லை. மேற்கே வெள்ளியங்கிரி மலை தெரியும் நாட்களில் பருந்துகள் சுற்றும் இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் விடுவேன்.

கப் இப்போதும் பறக்கிறது. போன மாதம் அறுபதாவது தடவை பறந்து முடிந்ததும் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, கிரீஸைத் துடைத்து, ஒரு துணியில் சுற்றி அண்ணனிடம் எடுத்துப் போனேன். அவர் ஃபைபர் சக்கரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றினார். ஒவ்வொரு பல்லின் முகத்திலும் நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரே அகலத்தில் பளபளப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது. 83 பல்லிலும் அதே பட்டை.

"நல்லா உக்காந்திருக்கு தம்பி" என்றார். சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டு வெர்னியரை எடுத்தார்.

"உள்பல்லு வெட்டறதுக்கு ஒரு பழைய மிஷின் வருது, வாங்கலாம்னு இருக்கேன். அந்தக் கிளைடர்ல மோட்டார் ஷாஃப்ட்டு எத்தன எம்எம்னு சொன்ன?"